அண்ணி பிளந்த வைரம்

என் அண்ணி எதைக் கையில் எடுத்தாலும் முதலில் ஊதிப் பார்ப்பார். மூக்குக்கண்ணாடி, தம்ளர், மருந்துக் குப்பி, எதுவானாலும் சரி. முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். வைரப் பட்டறையில் தொற்றிக்கொண்ட பழக்கம். கண்ணாடியில் ஊதினால் மூச்சின் ஈரம் தங்கி மெல்லக் கலையும். வைரத்தில் படிவதற்குள் போய்விடும். அவ்வளவு வேகமாகச் சூடு அதற்குள் ஓடும்.

கல்லைப் பிளப்பது அண்ணியின் வேலை. நான் அதே பட்டறையில் கல் கழுவுகிறேன். சேர்ந்த புதிதில், "வைரம் போய் அடிச்சா உடையுமா அண்ணி?" என்று கேட்டேன். அவர் மேசையில் கிடந்த பென்சிலை எடுத்தார்.

"இதுவும் வைரமும் ஒரே கரிதான். இதுல ஒவ்வொரு அணுவும் பக்கத்துல மூணு பேரைத்தான் இறுக்கிப் பிடிச்சிருக்கு. அதான் தாள் தாளா உரிஞ்சு எழுதுது. வைரத்துல ஒவ்வொண்ணும் நாலு பேரை, சுத்திலும் பிடிச்சிருக்கு. ஆனா சில திசையில குறுக்கே போற கை கொஞ்சம் கம்மி. அங்க தட்டினா பிளக்கும். வேற எங்க தட்டினாலும் தூள்தான்."

அன்று அந்தச் சின்னப் பென்சிலை வீட்டுக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கல் வந்தது. எங்கே பிளப்பது என்று கோடு போடுகிறவர் மசியால் கோடிழுத்துக் கொடுத்தார். அண்ணி லென்ஸில் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"கோடு தப்பு அண்ணே."

"அடிக்கிறது உங்க வேலை, கோடு என் வேலை. அடிங்கம்மா."

முதலாளி வந்தார். "இருபது வருஷமா கோடு போடறவரு. உங்களால முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆள் வச்சுக்கறேன்."

என் அண்ணன் படுத்த படுக்கையாகிவிட்ட சமயம் அது. இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. கல் தூளானாலும் வேலை போகும். அண்ணியின் குரல் உயரவில்லை.

"அண்ணே, இந்த வழவழப்பான பக்கம் கல்லோட பிறந்ததா, யாராவது தீட்டினதா?"

கோடு போட்டவர் கல்லை வாங்கிப் பார்த்தார். "தீட்டினதுதான்" என்று திருப்பிக் கொடுத்தார். உள்ளே குறை இருக்கிறதா என்று பார்க்க, விற்றவர்கள் ஒரு பக்கத்தைத் தீட்டி ஜன்னல் மாதிரி வைத்திருந்தார்கள். கல் தன் சொந்த முகத்துக்கு இணையாகத்தான் பிளக்கும்; அவர் தீட்டிய பக்கத்தையே அந்த முகம் என்று நம்பி, அதற்கு இணையாகக் கோடு போட்டிருக்கிறார்.

அண்ணி லென்ஸை என்னிடமும் கொடுத்தார். தீட்டிய பக்கம் மொட்டையாக இருந்தது. அடுத்த பக்கத்தில் ஊசிமுனை அளவில் முக்கோணங்கள், ஒன்றுக்குள் ஒன்று, எல்லாம் ஒரே திசை பார்த்தபடி. யாரும் செதுக்கியதில்லை. மண்ணுக்கடியில் அணுக்கள் கைகோத்து நின்ற வரிசை அப்படியே மேலே தெரிகிறது.

அண்ணி மசியைத் துடைத்து, முக்கோணம் தெரிந்த பக்கத்துக்கு இணையாக வேறு கோடு போட்டார். இன்னொரு வைரத்தால் சின்னப் பள்ளம் கீறி, இரும்புத் தகட்டை அதில் நிறுத்தி, ஒரே தட்டு. கல் இரண்டாகி விழுந்தது. பிளந்த முகங்கள் அசையாத தண்ணீர் போல இருந்தன.

"இவ்வளவுதானா?" என்றார் முதலாளி.

"இவ்வளவுதான். அந்தக் கோட்டுல அடிச்சிருந்தா இந்நேரம் விளக்குமாறு தேடிட்டிருப்பீங்க."

இப்போது கோடு போடுவதும் அண்ணிதான், அடிப்பதும் அண்ணிதான். பழைய கோட்டுக்காரர் பக்கத்து மேசையில் மெருகு தீட்டுகிறார். அண்ணன் இன்னும் எழுந்து நடக்கவில்லை. வீடு அண்ணியின் சம்பளத்தில் நடக்கிறது.