கிடாய்க்கு ஒரு கருணை மனு

நான் பி.ஏ. அரசியல் அறிவியல் பாஸானால் கருப்பராயனுக்குக் கிடாய் வெட்டுவதாக அப்பா வேண்டியிருந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கோவைக் கல்லூரியில் சேர்ந்த வருடம் வாங்கிய குட்டி, நான் மூன்றாம் வருடம் வருவதற்குள் இரண்டு ஆள் பிடித்தாலும் நிற்காத கிடாயாகிவிட்டது. அம்மா கையால் கொடுத்தால் மட்டும்தான் தழை தின்னும்.

கடைசிப் பரீட்சைக்கு வெள்ளகோவில் பக்கமிருந்த எங்கள் வீட்டில் இருந்து படித்தேன். சத்தம் போட்டுப் படித்தால்தான் எனக்கு ஏறும். குடியரசுத் தலைவரின் மன்னிக்கும் அதிகாரம் கட்டாயம் வரும் கேள்வி. தூக்குத் தண்டனையைக்கூட அவர் ரத்து செய்யலாம் என்று நான் ஒப்பித்த இடத்தில் அம்மா சாணி வாருவதை நிறுத்தினார்.

"கண்ணு, அவருக்கு எழுதிப் போட்டா நம்ம கெடாயை உட்ருவாங்களா?"

நான் சிரிக்கவில்லை. படித்தவனிடம் ஒன்று கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"முடியாதுங்கம்மா. கோர்ட்டு குடுத்த தண்டனையா இருக்கோணும். அதுலயும் மத்திய அரசுச் சட்டம், ராணுவக் கோர்ட்டு, இல்லாட்டித் தூக்கு. அவ்வளவுதான்."

"இதுவும் சாகறதுதானே? தூக்குல போனா என்ன, அருவாள்ல போனா என்ன?"

"கருப்பராயன் கோர்ட்டு இல்லீங்கம்மா."

கயிறு திரித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "கோர்ட்டுக்கும் மேல. அங்க அப்பீலே கெடையாது."

மன்னிக்காவிட்டாலும் தள்ளி வைக்கலாம், தண்டனையைக் குறைக்கலாம், கர்ப்பமாக இருந்தால் அதைப் பார்த்து இரக்கம் காட்டலாம் என்று தொடர்ந்தேன். அம்மா கிடாயை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

"செரி, அவரு மனசு எறங்குனாப் போதுமல்லொ?"

"அவரா ஒண்ணும் பண்ண முடியாதுங்கம்மா. மந்திரிசபை சொல்றபடிதான் கையெழுத்துப் போடோணும்."

"அப்பறம் அவரு எதுக்கு?"

"நம்மூட்டுல நானிருக்கறனல்லொ, அதாட்டந்தான்" என்றார் அப்பா.

கிடாய் விஷயத்தில் மட்டும் அவர் யார் சொல்லையும் கேட்பதாயில்லை. வேண்டுதல் தவறினால் என் படிப்பு விளங்காது, வேலை கிடைக்காது என்று உண்மையாகவே பயந்தார். அம்மா தழை மட்டும் கொஞ்சம் அதிகமாகப் போட்டார்.

பரீட்சை முடிந்து ரிசல்ட் வரும்வரை எனக்கு வேலையில்லை. நல்ல கோடை. அப்பா தண்ணீர் கட்டும் தோட்டத்துப் பம்புசெட்டில் தினமும் குளித்தேன். கிடாயும் பின்னாலேயே வந்து குழாயடியில் என் பக்கத்தில் நிற்கும். ஒருநாள் பாஸ் என்று தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் கருப்பராயன் கோயிலில் வந்து இறங்கினார்கள்.

எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். சிலுப்பாமல் வெட்டமாட்டார்கள்.

பூசாரி தெளித்தார். கிடாய் தன் கழுத்து மாலையைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு சொம்பு ஊற்றினார். "காதுக்குள்ள ஊத்துங்க" என்றார் பெரியப்பா. காதைச் சாய்த்துக் காட்டியது. ஒரு குடம் கவிழ்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, சோப்புக்குக் காத்திருப்பதுபோல் நின்றது.

"பையன் எல்லாப் பேப்பரும் பாஸ்தானுங்களா?" என்று பூசாரி அப்பாவிடம் கேட்டார்.

மார்க் ஷீட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கருப்பராயன் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். கிடாய் அதையும் தின்னப் பார்த்தது.

அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஏண்டா, தெனமும் இதையப் பம்புசெட்டுல நிக்க வெச்சுக் குளிச்சியே."

"அதுவாத்தான் வந்துச்சுங்கப்பா."

"மோட்டார் தண்ணிக்கே அசையாதது இனிச் சொம்புத் தண்ணிக்கா சிலுப்பும்?"

பூசாரி காதில் இதெல்லாம் விழுந்ததாகத் தெரியவில்லை. "சாமி வேண்டாங்குதுங்க. காதை அறுத்து அடையாளம் வெச்சு உட்ருங்க, கோயல் கெடாயாத் திரியட்டும்."

"பையன் படிப்புக்கு ஒண்ணும் வராதல்லொங்க?"

"வேண்டாம்னது சாமி. உங்க மேல என்ன குத்தம்?"

அப்பா தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இது மன்னிப்பு ஆகாது, தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைப்பதுதான் என்று விளக்கினேன். அம்மா மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் மசாலா அரைத்தாகிவிட்டது. வேனில் வந்தவர்களுக்குப் பசி. பெரியப்பா மொபெட்டில் போய்ப் பண்ணைக் கோழிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். அவற்றின் மேல் யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை.

கிடாயின் கயிற்றைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு அம்மா சின்ன வெங்காயம் உரித்தார்.

"கண்ணு, கோழிக்கு அந்தச் சட்டத்துல எதாச்சும் இருக்குதா?"

"இல்லீங்கம்மா."

"செரி, அந்த மொளகாயை எடு."