கறுப்புக் காரில் வராதவர்

கணினி நிறுவனம் தொடங்கியவரைக் கதாநாயகனாக்கிய படங்களில் இதுவரை ஒன்பது பார்த்திருக்கிறேன். ஒன்பதிலும் ஒரே பாட்டுக்குள் பணக்காரனாகிவிடுகிறான். ஏழில் நண்பனைக் கைவிடுகிறான். நிறுவனத்தை விலைக்குக் கேட்கிறவர் எட்டில் கறுப்புக் காரில் வந்து இறங்குகிறார். வேலை செய்கிறவர்கள் அநேகமாகக் கண்ணிலேயே படுவதில்லை.

இப்படி எண்ணியதற்குக் காரணம் என் மகள். அவள் நிறுவனம் பழனிசெட்டிபட்டியில் மாடியில் இரண்டு அறை, ஆறு பேர். எந்தத் தோட்டத்தில் திராட்சை எப்போது வெட்டுக்கு வரும், எந்த வியாபாரி, எந்த வெட்டு ஆட்கள் என்று கைபேசியில் பொருத்திக் கொடுக்கிறாள். இருநூற்றுப் பதினான்கு தோட்டக்காரர்கள் அதை நம்பியிருக்கிறோம். பெங்களூர்க் கம்பெனி ஒன்று அதை மொத்தமாகக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போயிற்று. விற்றால் அலுவலகம் அங்கே போகும், அவளும் போவாள். மழை வருமுன் வெட்டியாக வேண்டுமென்றால் நாங்கள் யாரைக் கூப்பிடுவது?

கம்பெனி ஆள் எங்கள் தோட்டத்தைப் பார்க்க வருகிறார் என்றாள். காமயகவுண்டன்பட்டித் தோட்டத்து வாசலில் எட்டு மணிக்கே போய் நின்றேன். ஒன்பதரை டவுன் பஸ்ஸில் கசங்கிய சட்டையோடு ஒருவர் வந்தார். பந்தலுக்குள் குனிந்து, ஒரு குலையிலும் தோள் படாமல் நடந்தார். பழத்தின் மேலுள்ள வெண்பூச்சு அழிந்தால் வியாபாரி முகம் சுளிப்பார். அது தெரிந்து நடக்கிறவர் வெட்டுக்கு வந்தவர்தான் என்று முடிவு கட்டினேன்.

“ஏப்பா, நிக்காம அந்தப் பெட்டியெல்லாம் எடுத்து அங்கன அடுக்கு.”

சிரித்துக்கொண்டே அடுக்கினார்.

பத்தே காலுக்குக் கறுப்புக் கார் வந்தது. மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் ஷூ. நான் கும்பிடுகூடப் போடவில்லை.

“இருநூத்திப் பதினாலு குடும்பத்தை என்ன செய்யப் போறீக? அதைச் சொல்லிட்டு உள்ள வாங்க.”

“ஐயா, நான் சாம்பல் நோய் மருந்து விக்க வந்தேன்” என்றார் அவர், பையைத் திறந்தபடி.

அப்போதுதான் மகள் வந்து சேர்ந்தாள். “ஏம்ப்பா, சாரைப் போயி பெட்டி தூக்க விட்டிருக்கீக!”

“பதினொண்ணு தூக்கியிருக்காரு. நல்லாத்தான் அடுக்கியிருக்காரு” என்றேன்.

பெட்டி அடுக்கிய கம்பெனி ஆள் கோபிக்கவில்லை. தன் வீட்டிலும் ஒரு காலத்தில் பந்தல் இருந்ததாம். இரண்டு மணி நேரம் மகளிடம் கேள்வி கேட்டார், சாப்பிட்டார், கடைசியில் சொன்னார்: “தப்பா எடுத்துக்காதீங்க. எங்க கம்பெனிக்கு இது ரொம்பச் சின்னது. சரிப்பட்டு வராது.” மூன்று பத்து பஸ்ஸில் போய்விட்டார்.

மகள் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். அழுவாளோ என்று பயந்தேன்.

“அப்பாடா! வேணாம்னு எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாரமா முழிச்சுக்கிட்டு இருந்தேன்ப்பா.”

“அத எங்கிட்டச் சொல்றதுக்கென்ன, ஆத்தா?”

“சொன்னா நீங்க அதையும் எண்ணுவீக.”

படங்களில் முதலாளி ஊரை விழுங்க வருகிறார், இல்லையென்றால் வாழ வைக்க வருகிறார். பார்த்துவிட்டு, சின்னது என்று சொல்லி பஸ் ஏறுகிற முதலாளியை எவரும் எடுத்ததில்லை. எடுத்திருந்தால் நான் ஏழு இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அவள் கைபேசி அடித்தது. லோயர் கேம்ப் பக்கம் மேகம் கட்டுகிறதாம், யாருக்கோ உடனே வெட்டு ஆள் வேண்டுமாம்.

“அனுப்பி விடுறேன் சித்தப்பா, பதறாதீக” என்றபடி எழுந்து போனாள்.