எர்த்து அண்ணன் எழுதிய அறிக்கை

மின்வாரியத்தில் இருபத்தாறு வருடமாக லைன்மேன். எல்லாருக்கும் அவர் எர்த்து அண்ணன்தான். டிரான்ஸ்பார்மரில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மனிதருக்கு நம்பிக்கை வராது. சங்கிலியின் ஒரு முனையைத் தரையில் புதைத்து, மறுமுனையை நீளக் கழியால் கம்பியில் மாட்டி, மிச்சம் மீதி ஏதும் இருந்தால் அதை மண்ணுக்கு இறக்கி எர்த்து செய்த பிறகே யாரையும் கம்பத்தில் ஏற விடுவார். கால் மணி நேரம் வீண். "தூங்குற கம்பியை எழுப்பி, தூங்கிட்டியான்னு கேக்குறாரு" என்பான் ஒல்லி. இருபது வருடமாக அவரோடு கம்பம் ஏறுகிறவன்.

கூரையில் சூரியத் தகடு வைக்கும் திட்டம் வந்தபோது அதை நடத்திக் காட்ட அண்ணன் தலைகீழாக நின்றார். அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளி, இருமி இருமியே போய்ச் சேர்ந்தவர் அவருடைய அப்பா. அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. தங்கையின் கணவரைக் கரைத்து முதல் தகட்டை அந்த வீட்டிலேயே வைக்கச் செய்தார். பிறகு தெருவில் நாற்பது வீடும் சேர்ந்தன. அடுத்த வாரம் அமைச்சர் வந்து அதைச் சூரியத் தெரு என்று அறிவிக்க ஏற்பாடு.

மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு குறை. "உச்சி வெயில் அடிக்குது, கரன்ட் போனா தகடும் சேர்ந்து நின்னுடுது. இது என்ன கூத்து மச்சான்?"

"தகட்டுக் கரன்ட் தெருக் கம்பிக்கு வந்து, அதைத் தொடுறவன் சாகக் கூடாதுன்னுதான் அப்படி வச்சிருக்காங்க மாப்பிள்ளை."

ஒரு காலையில் காற்றில் கிளை விழுந்து, தெருக்கோடியில் கம்பி அறுந்தது. மின்சாரத்தை நிறுத்தியாயிற்று. ஒல்லி இடுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கம்பத்தில் ஒரு கால் வைத்துவிட்டான். அண்ணன் வழக்கம்போல் கழியைத் தூக்கிச் சங்கிலியை மாட்டினார். படாரென்று நீலப் பொறி பறந்தது.

கரன்ட் வந்தது அறுந்த இடத்துக்கு அப்பாலிருந்து; அங்கே இரண்டே வீடுகள். ஒன்று பூட்டிக் கிடந்தது. மற்றது தங்கை வீடு.

மீட்டர் பக்கத்தில் புதிதாக ஒரு சுவிட்ச், கீழே பேட்டரி. மாப்பிள்ளையின் முகம் வெளுத்திருந்தது. "கரன்ட் போனா இந்தச் சுவிட்சை மாத்தி, வீட்டைத் தெருக் கம்பியிலேருந்து பிரிச்சிட்டு, அப்புறம்தான் பேட்டரியைப் போடணும். இன்னைக்கு மறந்துட்டேன் மச்சான்."

"யாரு மாட்டிக் கொடுத்தது?"

மாப்பிள்ளை வாசலில் நின்ற ஒல்லியைப் பார்த்தார். அண்ணனுக்கு அவனை அறைந்துவிடலாம் போலவும் இருந்தது, கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

அலுவலகத்தில் பொறியாளர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "இப்ப இதைக் கிளப்பாதீங்க. சூரியத் தகடு ஆளைக் கொல்லுதுன்னு நாளைக்கே பேப்பர்ல போடுவாங்க. எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? திட்டமே நின்னுடும். சுவிட்சைக் கழட்டிட்டு, காத்துல கம்பி அறுந்ததுன்னு மட்டும் எழுதிக் கொடுங்க."

கெட்ட எண்ணத்தில் சொன்ன பேச்சு இல்லை. அண்ணனுக்கும் திட்டம் நிற்கக் கூடாது. அறிக்கைத் தாளோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஒல்லி எதிரே நின்றான்.

"வேற எத்தனை வீட்டுல மாட்டின?"

"ஆறு. எல்லார்கிட்டயும் சொல்லித்தான் கொடுத்தேன்ணே, முதல்ல சுவிட்சை மாத்துங்கன்னு."

"என் மாப்பிள்ளைகிட்டயும் சொன்னல்ல?"

ஒல்லி அனுமதியின்றி மாட்டியதை எழுதினால் அவன் வேலை போய்விடும். அவனுக்கு இரண்டு பெண்கள், இரண்டு பேரும் கல்லூரியில். எழுதாவிட்டால் அந்த ஆறு வீட்டில் யாராவது ஒருவர், என்றைக்காவது ஒருநாள் மறப்பார். அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. பேனாவை மூடிவிட்டார்.

ஒல்லிதான் அதைத் திறந்து அவர் கையில் திரும்ப வைத்தான். "எழுதுங்கண்ணே. நீங்க இல்லாம நான் ஏறியிருந்தா, இன்னைக்கு வேற அறிக்கை எழுதிட்டிருப்பீங்க."

அண்ணன் அந்த வீடுகளின் எண்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, தங்கை வீட்டையும் சேர்த்து ஏழையும் எழுதினார். மாட்டியவர் யார் என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றது. இருபது வருடமாக ஒல்லி, ஒல்லி என்றே கூப்பிட்டாயிற்று.

"உன் முழுப் பேரைச் சொல்லுடா" என்றார்.