கடை விலை உங்கள் விருப்பம், அக்கா

உணவு டெலிவரி ஆப் கம்பெனியில் போட்டிச் சட்ட விதிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்றால், நேற்று வரை கூடாது என்று மிரட்டியதையெல்லாம் இன்று அதே வாயால் தாராளமாகச் செய்யுங்கள் என்று கடை கடையாகச் சொல்லித் திரிவது. என்னோடு இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், முதலில் சொன்னதை நம்பியவர்கள் இரண்டாவதை நம்பவே மாட்டார்கள்.

சுவரைப் பார்த்த பலகை

மலேசியாவில், கூலிம் தொழிற்சாலைப் பக்கம் சரோஜா அக்காவின் தோசைக் கடை. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு ஆப்பைவிடக் கடையில் விலை குறைவு. அப்படிக் குறைத்து விற்கக்கூடாது என்பது எங்கள் பழைய நிபந்தனை. அதனால் எங்கள் கம்பெனிச் சட்டையைக் கண்டாலே விலைப்பலகையைச் சுவர் பக்கம் திருப்பிவிடுவார். ஆப்பிலிருந்து தூக்கிவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்ற பயம்.

புதிய போட்டிச் சட்ட விதிப்படி அந்த நிபந்தனை இனி செல்லாது, உங்கள் விலை உங்கள் விருப்பம் என்று விளக்கி, பலகையைத் திருப்பச் சொன்னேன். அக்கா அசையவில்லை.

"நான் திருப்புவேன், நீ போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்புவ. இதானே தம்பி பிளான்?"

பின்கதவு

வேறு ஆப்பிலும் சேரலாம், முன்போல நாங்கள் இனி தடுக்க முடியாது என்றேன். அக்கா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஏன் என்று யோசிப்பதற்குள் பின்கதவு திறந்தது. போட்டிக் கம்பெனியின் ரைடர் அண்ணன் ஒருவர், பின்பக்கச் சாக்கடையைத் தாண்டி வந்ததில் முழங்கால் வரை சேற்றோடு நின்றார். தங்கை பெயரில் அக்கா அங்கே எப்போதோ சேர்ந்துவிட்டாராம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிரச்சினை இல்லை என்று அவரிடமும் சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கு முன்வாசல்ல வரலாமா அக்கா? இந்த லொங்காங்க தாண்டித் தாண்டி இடுப்பே போச்சு லா."

யார் முதலில்

அடுத்த வாரம் போனபோது பலகை ரோட்டைப் பார்த்து நின்றது. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. கடை இன்னும் ஆப்பில் இருக்கிறதா என்று என் போனில் தேடச் சொன்னார். எனக்கும் அறிய ஆவல்தான். முன்பெல்லாம் தோசை என்று தேடினால் எங்கள் கம்பெனியின் சொந்தச் சமையற்கூடம்தான் முதலில் வரும். புதிய விதியில் அந்தச் சலுகையும் போய்விட்டது. தேடினேன். பக்கத்திலிருக்கும் கடை என்பதால் அக்கா கடை முதலில் வந்தது, எங்கள் சமையற்கூடம் கீழே.

அக்கா திரையில் தன் கடைப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. எனக்கும் நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்தச் சந்தோஷத்தில் அங்கேயே ஒரு தோசை ஆர்டர் செய்யப் போனேன். அக்கா என் போனைக் கையால் மூடினார்.

"அதுல எதுக்குக் கூடக் குடுக்குற? உக்காரு தம்பி, கடை விலைக்கே தரேன்."

என் கம்பெனியின் ஆர்டரைக் குறைப்பதற்கு என் கம்பெனியே மாதாமாதம் எனக்குச் சம்பளம் தருகிறது, நானும் மனச்சாட்சிக்குப் பங்கமில்லாமல் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.