கெமராவுக்கு நேர் எது என்று கேட்டவர்

வெள்ளிக்கிழமை காலை கராஜ் வட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: ரிஸ்வி நானா மௌத்தாகிவிட்டார். நான் கொழும்பில் இருந்தேன். அவருடைய ஊரான கெலிஓயாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸா அடக்கம் முடிந்திருந்தது.

அதே குழுவில்தான் இதை எழுதுகிறேன்; அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய கேள்விகளும் தெரியும். கட்டுகஸ்தோட்டையில் ஒரே கராஜில் அவர் காருக்கு முன்கண்ணாடி பொருத்துவார். அதன் பின்னால் இருந்து வீதிக் கோடுகளைப் பார்த்து காரை நேராக வைத்திருக்கும் கெமராவை நான் சரிசெய்வேன். கோடு போட்ட பலகையை அளந்து முன்னால் நிறுத்தி, நேர் எது என்று கெமராவுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. மயிரிழை பிசகினாலும் கார் தானாக ஸ்டியரிங்கைத் தப்பான பக்கம் இழுக்கும். நானாவின் கேள்விகள் எனக்கு எரிச்சலூட்டின என்பதை மறைக்கப்போவதில்லை.

கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் நடந்த வாரம், ஊரடங்கைச் சில மணி நேரம் தளர்த்தியிருந்தார்கள். கல்லெறியில் கண்ணாடி உடைந்த காருடன் கம்பளையிலிருந்து செல்வம் என்ற டாக்சிக்காரர் வந்தார். மனைவிக்கு நிறைமாதம், கார் அன்றே வேண்டும். நானா கண்ணாடியைப் பொருத்தியதும், உள்ளே இடமில்லாததால் முற்றத்திலேயே என் வேலையை முடித்தேன். காரில் செருகிய சோதனை மெசின் 'சரி' என்றது. சாவியை நீட்டினேன். நானா குறுக்கே வந்தார்.

"தம்பி, கெமரா எதப் பார்த்து நேர்ங்குது?"

"பலகையப் பார்த்து."

"பலகை எதுல நிக்கிது?"

"தரையில, நானா. மெசினே சரின்னுருச்சு, விடுங்க. உங்க கடைசி பஸ்ஸும் போயிரும்."

"மெசின் செல்லுறது ஈக்கட்டும். தண்ணி என்ன செல்லுதுன்டு பாப்போம்."

மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைக் கொண்டுவந்து பிடித்தார். மழைநீர் வடிய முற்றத்துக்கு வாட்டம் வைத்திருந்தார்கள். கார் ஒரு சாய்விலும் பலகை இன்னொரு சாய்விலும் நின்றன. தினமும் நான் நடக்கும் முற்றம், எனக்கு உறைக்கவில்லை.

"கம்பளை ரோட்டுல ஆத்துப் பக்கமா இழுத்திருக்குமாங்க?" என்று செல்வம் கேட்டார்.

உள்ளே நின்ற ஒரு வேனை மூவருமாக வெளியே தள்ளிவிட்டு, காரை உள்ளே மட்டமான தரையில் நிறுத்தி மறுபடி செய்தோம். பஸ் போய்விட்டது. அந்த வாரம் நானா தொப்பியோடு வீதியில் தனியே நடக்கக்கூடிய நிலைமை இல்லை.

"ஏறுங்க நானா, போற வழிதானே" என்றார் செல்வம்.

ஊரடங்கு மீண்டும் தொடங்குமுன் நானா போனில் அழைத்தார். "ஊட்டுக்கு வந்துட்டேன். கார் நேராத்தான் போச்சு. இங்க கிட்ட ரோட்டுல கோடே இல்லயே தம்பி, அங்க இது எதப் பார்க்கும்?"

"நாளைக்குப் பேசலாம்" என்று வைத்துவிட்டேன். அதைப் பற்றிப் பிறகு பேசவேயில்லை.

அந்தக் கேள்விதான் அவரிடமிருந்து என்னிடம் இருப்பது. இப்போது கோடழிந்த வீதியில் நானே ஓட்டிப் பார்க்காமல் எந்தக் காரையும் கொடுப்பதில்லை. கோடு தெரியாதபோது சில கார்கள் சத்தமிட்டு எச்சரிக்கின்றன. சில சொல்லாமலே ஸ்டியரிங்கைக் கைவிடுகின்றன. எவை எவையென்று ஒரு கொப்பியில் எழுதிவருகிறேன்.