பிரஷர் பார்க்க வந்த மரியதாஸ் அண்ணை

மரியதாஸ் அண்ணை போய்விட்டார்.

காலையில் யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் இருக்கும்போது நண்பன் குணம் போன் எடுத்தான். "சிவம், மரியதாஸ் அண்ணை விடியப்பறம் நித்திரையிலயே..."

பஸ் அப்போது பண்ணைப் பாலத்தில். இரண்டு பக்கமும் கடல், துளி அசைவில்லை. பஸ் நிற்கிறதா, தண்ணீர்தான் கூடவே வருகிறதா என்று கொஞ்ச நேரம் விளங்கவில்லை...

இதை வாசிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்தவர். எனக்குச் சொந்தமும் இல்லை, அயலும் இல்லை. சனிக்கிழமைகளில் ஒன்றாக இருந்து பிளேன்ரீ குடிப்போம், அவ்வளவுதான் உறவு.

எங்கள் வாசிகசாலையில் சனி பின்னேரம் ஆண்களுக்கென்று ஒரு கூட்டம் நடக்கிறது. உளவளத்துணையாளர் ஒருவர் வருவார். மனதில் இருப்பதைச் சொல்லலாம், சொல்லாமல் சும்மா இருந்துவிட்டும் போகலாம்.

தொடங்கும்போது நோட்டீஸில் "ஆண்களுக்கான மன அழுத்தச் சந்திப்பு" என்று போட்டிருந்தார்கள். அது வாய் மாறி வாய் மாறிப் போனதில் "மன" எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. "ஆம்பிளையளுக்கு அழுத்தம் பாக்கினமாம்" என்றுதான் சனத்திடம் போய்ச் சேர்ந்தது.

முதல் நாள் மரியதாஸ் அண்ணை கிளினிக் கொப்பியோடு வந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக் கையை மேசையில் நீட்டினார்.

உளவளத்துணையாளர் பாவம், "ஐயா, உங்கட மனம் இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

"அதைப் பிறகு பாப்பம் தம்பி. முதல்ல கையைப் பாருங்கோ. ரத்தமும் எடுப்பியளோ எண்டு காலமை தொடக்கம் சாப்பிடாமல் வந்தனான்."

அன்றைக்குச் சிரித்த சிரிப்பு! உளவளத்துணையாளருக்கும் அடக்க முடியவில்லை. யாரோ பேக்கரிக்கு ஓடிப்போய் பணிஸ் வாங்கி வந்தார்கள். மனிதர் ஆறுதலாகச் சாப்பிட்டார். ஆனால் எழும்பிப் போகவில்லை. அடுத்த சனியும் வந்தார், அதே மாதிரிக் கையை மடித்துக்கொண்டு...

பிறகு ஒருநாள் உளவளத்துணையாளர் உண்மையாகவே ஒரு பிரஷர் மெஷின் கொண்டுவந்தார். எல்லாரிலும் மரியதாஸ் அண்ணைக்குத்தான் பிரஷர் கூட.

இப்படித்தான் எங்களுக்குள் அந்தப் பழக்கம் வந்தது. அன்று ஒருவருக்கு மனம் சரியில்லை என்றால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வருவார். ஏன், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருப்பார்.

மற்றவர்களிடம் "பிரஷர் எப்பிடி?" என்று கேட்போம். "நோர்மல்" என்பார்கள்.

நான் எப்போதும் நோர்மல்.

சாந்தி, என் மனைவி, இறந்த பிறகும் நோர்மல். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான், வாய் நிறையப் பகிடி...

அவள் போன நாளிலிருந்து நான் கட்டிலில் படுத்ததில்லை. சாய்மனைக் கதிரையில்தான் நித்திரை. அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் ஒவ்வொரு சனியும் போவேன். பகிடி விட்டுவிட்டுத் திரும்பி வருவேன்.

ஒருமுறை கூட்டத்தை மண்கும்பான் கடற்கரையில் வைத்தோம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாரும் முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்றோம். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத பின்னேர வெளிச்சம். எங்கள் கால்கள்கூட வேறு யாருடையவோ போலத் தெரிந்தன.

அப்போதுதான் மரியதாஸ் அண்ணை தன் மகனைப் பற்றிச் சொன்னார். கடலுக்குப் போய்த் திரும்பி வராத மகன். எங்களைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இப்பவும் மழை இருட்டினால், பெடியன் நனையப் போறான் எண்டு படலைக்கு வாறனான். வந்து நிண்ட பிறகுதான் நினைவு வரும்..."

சின்ன மீன்கள் வந்து காலைக் கொத்திவிட்டுப் போயின. குணம் மட்டும் மெல்ல நகர்ந்து அவருக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

போன சனிக்கிழமை மரியதாஸ் அண்ணை என் பக்கத்தில் வந்து இருந்தார். நான் கையை மடிக்கவே இல்லை.

"என்ன அண்ணை, இடம் மாறி வந்திட்டியளோ? எனக்கு நோர்மல்தானே" என்றேன்.

"ஓம் ஓம். நானும் கன காலம் உம்மை மாதிரி நோர்மலாத்தான் இருந்தனான்."

பணிஸைப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்தார். கூட்டம் முடியும்வரை இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தோம். வெளியே ஒன்றுமே இல்லை, வெயில்தான்.

ஆளைக் கொண்டுபோனது உண்மையான பிரஷராம். கேட்டிருந்தால் அவரே முதலில் சிரித்திருப்பார். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. பிரஷர்க் குளிசையை ஒழுங்காகப் போடுங்கோ என்று எத்தனை தரம் சொன்னோம், அந்த மனிதருக்கு...

யாழ்ப்பாணத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினேன். மீண்டும் அதே பாலம், அதே தண்ணீர்.

பின்னேரம் செத்தவீட்டுக்குப் போனேன். வெள்ளைச் சட்டை போட்டு, விரல்களில் செபமாலை சுற்றி, வடிவாகத்தான் கிடத்தியிருந்தார்கள். முழுக்கைச் சட்டை. மணிக்கட்டு வரைக்கும் இழுத்துப் பொத்தான் பூட்டியிருந்தது.

அவரை அப்படி நான் ஒருநாளும் கண்டதில்லை.

வெளியே வந்து பந்தலுக்குக் கீழே ஒரு கதிரையில் இருந்தேன். என் பொத்தானைக் கழற்றினேன். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டேன்.

குணம் கண்டுவிட்டான். ஒன்றும் கேட்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தான்.

"குணம்... சாந்தி போன நாள் தொடக்கம் நான் கட்டிலில படுக்கேல்லையடா."

"ம்" என்றான். எழும்பிப் போகவில்லை.

போய் வாங்கோ மரியதாஸ் அண்ணை. இண்டைக்கு எனக்கு நோர்மல் இல்லை.