கொக்கியில் ஐந்து பை

மந்தின் டவுன் வட்டாரத்தில் பள்ளி வேன் ஓட்டும் குமுதவல்லி அக்காவைத் தெரியாத பிள்ளை கிடையாது. இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. விடிவதற்கு முன்னே வீட்டு வாசலில் இரண்டு ஹாரன் அடிப்பார். அப்படியும் பிள்ளை வராவிட்டால் நேராக அம்மாக்காரிக்குப் போன் போகும், வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, ஒரு பிள்ளையைக்கூட எங்கேயும் விட்டுவிட்டு வந்ததில்லை. வேனின் உட்பக்கம் வரிசையாகக் கொக்கி அடித்து வைத்திருந்தார். ஏறியதும் பையை மாட்ட வேண்டும், இறங்கும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் சீட்டுக்கடியில் குனியும், படுத்துத் தூங்கும், ஓரிடத்தில் நிற்காது. பை அப்படியா? கண்ணாடியில் பையை எண்ணுவார், வண்டியை எடுப்பார்.

ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது, வேனை விற்றுவிட்டு அப்பாவோடு பாரோயில் என் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்று மகள் ஷாமினி ஒரு வருடமாக அரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சை எடுத்தாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். சோபாவில் உட்கார்ந்து நாள் முழுக்க சீரியல் பார்ப்பதற்கா பிறந்தார்? ஒருநாள் வேகத்தில் சொல்லிவிட்டார்: பள்ளி விடுமுறைக்கு எல்லாரும் என் வேனில் ஏறுங்கள், கடலோரம் முழுக்க நான்தான் ஓட்டுவேன், கூடாரம் போடுவோம், தஞ்சோங் துவானில் மலை ஏறுவோம், வழியில் ஒரே ஒரு தப்பு நடந்தாலும் வேனை விற்றுவிடுகிறேன். வாய் சும்மா இருந்தால்தானே.

சனிக்கிழமை காலை ஆறு பேர் கிளம்பினார்கள். அக்கா, கணவர் அமிர்தலிங்கம், ஷாமினி, மருமகன் முகுந்தன், பேரப்பிள்ளைகள் இரண்டு பேர். கூடாரம் ஒன்றுதான். அதற்குத் துணையாகக் கேஸ் அடுப்பு, சம்பல் டப்பா, ஒரு குண்டான் கோழிப் பிரட்டல், ரைஸ் குக்கர். கடற்கரையில் பிளக் எங்கே இருக்கும் என்று யாருமே யோசிக்கவில்லை. அக்கா வழக்கம் போல் ஆளுக்கொரு பையைக் கொக்கியில் மாட்ட வைத்தார். தன் பை காலடியில், மற்றவர்கள் பை ஐந்து. அமிர்தலிங்கம் காலை நீட்டிக்கொள்ளக் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். அவர் அதிகம் பேசாத மனுஷன்.

ரெம்பாவைத் தாண்டி லிங்கிக்குப் போகும் வழியில் செம்பனைத் தோட்டத்து முனீஸ்வரர் கோயில். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் யாரும் அங்கே நிறுத்தாமல் போக மாட்டார்கள். ஐந்து நிமிட வேலைதானே என்று பையைக் கொக்கியிலேயே விட்டுவிட்டு எல்லாரும் இறங்கிச் சூடம் கொளுத்தினார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்தார்கள், திருநீறு பூசிக்கொண்டார்கள். திரும்ப வேனுக்குள் பிள்ளைகள் கெரோப்போ வறுவல் பொட்டலத்துக்கு அடித்துக்கொள்ள, முகுந்தன் பாட்டை அலறவிட, அக்கா கண்ணாடியைப் பார்த்தார். ஐந்து பை. வண்டியை எடுத்தார்.

பாசீர் பாஞ்சாங்கில் கடல் தெரிந்ததும் பிள்ளைகள் குதித்து ஓடின. முகுந்தன் கூடாரத்தை விரித்தான். கம்பு பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். தாத்தா எங்கே என்று பேத்திதான் முதலில் கேட்டாள்.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவருக்குப் போன் போட்டார். கொக்கியில் தொங்கிய அவருடைய பைக்குள்ளேயே மணி அடித்தது. கோயிலை விட்டு இருபது நிமிடம் வந்துவிட்டார்கள்.

"சாவிய குடுங்கமா," என்றாள் ஷாமினி. "நீங்க ஓட்டுனது போதும்லா."

அக்கா கொடுத்துவிட்டார். பின் சீட்டில் உட்கார்ந்து வழி முழுக்க அழுதார். தன்மேல் அவருக்கு அப்படி ஒரு கோபம்.

அமிர்தலிங்கமோ கோயில் மரத்தடியில், பழைய கூட்டாளியான பூசாரி சன்னாசியோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தாராம், திரும்பினால் வேன் ரோட்டில் ஏறுகிறதாம். சிக்னல் போட்டு அழகாகத்தான் எடுத்தாள் என்று மனைவிக்குச் சான்றிதழ் வேறு. எல்லாரும் சிரித்தார்கள். அக்காவால் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் தஞ்சோங் துவானுக்கும் ஷாமினிதான் ஓட்டினாள். ஏற்றத்தில் அக்கா கணவரின் கையை விடவே இல்லை. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே கடல் பளபளவென்று கிடந்தது, கப்பல்கள் வரிசை கட்டி நின்றன, பிள்ளைகள் பருந்து எண்ணின. காற்று முகத்தில் அடித்ததும் அக்காவுக்கே கொஞ்சம் மனசு லேசானது. இறங்கி வேனருகே வந்ததும், சிரம்பானில் வேனைக் கேட்டு ஓர் ஆள் இருக்கிறார் என்று ஷாமினி ஆரம்பித்தாள். சொன்ன சொல் சொன்னதுதான், விற்றுவிடு என்றார் அக்கா.

அமிர்தலிங்கம் செருப்பில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் தோட்டத்து லோரி ஓட்டியவர். சர்க்கரை கண்ணில் இறங்கி, மூன்று வருடத்துக்கு முன் லைசென்ஸ் போய்விட்டது.

"ஷாமினி, நேத்து வேன்ல அஞ்சு பேரு இருந்தீங்க. இருபது நிமிசம் ஒருத்தரும் என்னைத் தேடல. ஒங்கம்மா மட்டுமா மறந்தா?" குச்சியைத் தூக்கிப் போட்டார். "கோவமா சொல்லலமா. லைசென்ஸ் போனதுலேருந்து வீட்லயும் அப்டித்தான். இருக்கேனா இல்லையான்னு யாருக்கும் தெரியறது இல்ல. அவளையும் அந்த மாதிரி ஒக்கார வெக்காத."

முகுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். ஷாமினி அப்பாவையே பார்த்தபடி நின்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. பிறகு அம்மாவின் கையைப் பிடித்துச் சாவியை வைத்தாள்.

அக்கா சாவியோடு அப்படியே நின்றார். வேன் கையைவிட்டுப் போகவில்லை. ஆனால் சந்தோஷம் வரவில்லை, கணவர் சொன்னதுதான் நெஞ்சில் கிடந்து அறுத்தது. அவரோ வழக்கம் போல் கடைசி வரிசைக்கு ஏறப் போனார்.

"என்னாங்க, முன்னால வந்து ஒக்காருங்க."

"அரைக் கண்ணுக்காரன் முன்னால ஒக்காந்து என்னத்த பாக்கப் போறேன்?"

"நீங்க பாக்க வேணாம்," என்றார் அக்கா. "நான் பாக்கணும்."